பஸீலாவின் சிவப்புக் கட்டங்கள்

“கையெழுத்துப் போட மாட்டேன்.”

பஸீலா இதைச் சொல்வது முதல் தடவை அல்ல. நேற்றுச் சொன்னபோது குரல் நடுங்கியது. காலையில் சொன்னபோது கண் கலங்கியது. இப்போது இரண்டும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை யார் கிளப்புகிறார்கள் பார்க்கலாம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் அவளுடைய முதலாளி மகேஸ்வரன். சிங்கப்பூருக்குப் பாலத்தின் இந்தப் பக்கம், ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் டிரோன் கம்பெனி நடத்துகிறவர். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே டிரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதும், அந்தப் படங்களில் நோய் பிடித்த மரங்களைக் காட்டிக் கொடுப்பதும் அவர் பிழைப்பு. காட்டிக் கொடுக்கும் வேலையைச் செய்தவள் பஸீலா. கணினித் திரையில் படத்தைப் பார்த்து, வாடிய மரத்தைச் சுற்றி மவுஸால் ஒரு சிவப்புக் கட்டம் இழுக்க வேண்டும். கட்டம் விழுந்த மரத்தைத் தோட்டத்தில் வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். விழாத மரம் நின்றுகொண்டே பக்கத்து மரத்துக்கும் அழுகலைக் கொடுக்கும்.

யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் அதுதான் நடந்திருந்தது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பஸீலா பார்த்த படங்களில் கட்டங்களே அநேகமாக இல்லை. வெட்டப்படாத மரங்களால் ஒரு பிளாக் முழுக்க அழுகிக்கொண்டிருந்தது. போட்டிக் கம்பெனிக்காரனிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விட்டுவிட்டாள் என்பது மகேஸ்வரனின் கட்சி. ‘ஆமாம், நான்தான் செய்தேன்’ என்று அவள் ஒப்புக்கொள்வதாக டைப் அடித்த தாள் ஒன்று மேசைமேல் கிடந்தது.

“தோட்டத்து மேனேஜர் ராஜசேகரன் சாயங்காலம் வர்றாரு. அதுக்குள்ள போட்டுட்டா வேலையோட முடிஞ்சிடும். இல்லன்னா போலீஸ்,” என்றார் மகேஸ்வரன்.

“போலீஸுக்கே போங்க, பாஸ். நான் கட்டம் போட்டேன். சிவப்பா நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்.”

“அப்ப அந்தக் கட்டமெல்லாம் எங்க? சுத்திப் பாக்க சிங்கப்பூர் போயிருச்சா?”

“அதைத்தான் கேக்க வந்திருக்கோம்,” என்றது மேசையின் ஓரத்திலிருந்து ஒரு குரல்.

வெள்ளையம்மா. புளிப்பான அசாம் பொடி தொட்ட கொய்யாத் துண்டுகளை அதுவரை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தவர். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவர். இன்று காலையில் பஸீலா அவர் வாசலில் வந்து நின்று, “திருட்டுப் பட்டத்தோட என் பிள்ளைங்க முகத்துல முழிக்க மாட்டேன்” என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் கேஸை எடுத்துக்கொண்டார்.

பக்கத்தில் உதவியாளன் தீபன். சிங்கப்பூர் வேலைக்காகப் பாலத்தில் தினமும் மோட்டார் சைக்கிளில் வரிசை நின்று, அந்த வேலையே வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவன். அவன் வாய் மட்டும் இன்னும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தது.

“மிஸ்டர் மகேஸ், அந்தப் புரோகிராமை நாங்க ஒரு தடவை பாக்கலாமா?” என்றார் வெள்ளையம்மா.

“தாராளமா பாருங்க. ஒளிக்க ஒன்னுமில்ல. கவின்!”

உள்ளே வந்தவன் ஒல்லியான இளைஞன். கம்பெனியின் ஒரே புரோகிராமர். படத்தில் கட்டம் போடும் அந்த மென்பொருளைப் பைத்தான் மொழியில் எழுதியவன் அவன்தான். மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தான். தீபன் மவுஸைப் பிடித்து நகர்த்தினான். திரையில் அம்பு அசையவில்லை.

“தம்பி, இந்த மவுஸு உயிரோட இருக்கா?”

“கண்ணாடி மேசை லா, அண்ணே. அடியில ஏதாச்சும் வைக்கணும்.” கவின் ஒரு பீட்சா விளம்பரத்தை எடுத்து அடியில் செருகினான். அம்பு ஓட ஆரம்பித்தது.

தீபன் ஒரு வாடிய மரத்தைக் குறிவைத்துக் கட்டம் இழுத்தான். வெள்ளையம்மா வேறொரு மரத்துக்கு இழுத்தார். சேமிக்கும் பட்டனைத் தட்டியதும் தோட்டத்துக்குப் போகும் ரிப்போர்ட் திறந்தது. இரண்டு மரங்களைச் சுற்றியும் கட்டங்கள் பத்திரமாக நின்றன. பெரிது, சிறிது, குண்டு, ஒல்லி என்று தீபன் இன்னும் சில போட்டுப் பார்த்தான். அத்தனையும் ரிப்போர்ட்டில் இருந்தன.

மகேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்தார். “போதுமா? மற்ற ஸ்டாஃப் போடுறது எல்லாம் வருது. உங்க ஆளு போடுறது மட்டும் வராதுன்னா, அது புரோகிராமோட தப்பா?”

பஸீலாவின் முகம் வெளுத்தது. வெள்ளையம்மாவுக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. ஆனால் அதை முகத்தில் காட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

“பஸீலா, இந்த ரிப்போர்ட்டை நீங்க பாத்ததே இல்லையா?”

“எங்களுக்கு வராதுக்கா. நாங்க போட்டு முடிச்சா நேரா தோட்டத்துக்குப் போயிடும்.”

“கவின் தம்பி, பெருநாளுக்கு அப்புறம் இவங்க போட்டதுல ஒன்னுகூடவா பதிவாகல?”

“ஒன்னு ரெண்டு இருக்கு, மேடம்.”

அவன் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாகத் திறந்தான். ஒரு படத்தில் கட்டமே இல்லை. அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்ததிலும் இல்லை. பிறகு ஒன்றில் இரண்டு. தீபன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

“மேடம், வந்ததெல்லாம் வலது ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. பஸ்ஸுல ஃபுட்போர்டு அடிக்கிற மாதிரி.”

உண்மைதான். பிழைத்திருந்த ஒவ்வொரு கட்டமும் படத்தின் வலது விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றுகூட இல்லை. இடது ஓரத்திலும் இல்லை.

“கணக்குக் காட்ட ஓரத்துல நாலு போட்டுட்டு மிச்சத்தை விட்டிருக்காங்க,” என்றார் மகேஸ்வரன்.

“வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன் கண்ணுக்கு நேரா நடுவுல இருக்கிற மரத்துக்குப் போடுவான், சார். மெனக்கெட்டு வலது ஓரத்தைத் தேடிக்கிட்டுப் போக மாட்டான்.” வெள்ளையம்மா கவினைப் பார்த்தார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அதை அவர் மனதில் முடிந்துவைத்தார். “இப்ப பஸீலாவை ஒரு கட்டம் போட விடுங்க. பாத்துடலாம்.”

“முடியாது! இந்தம்மா மவுஸைத் தொடவே கூடாது. எதையாவது அழிச்சிடுவாங்க.”

“பயமா இருக்கா, சார்?” என்றான் தீபன்.

“வெளியே போங்க!”

கீழே மூலைக்கடையில் தே தாரிக் வந்தது. பஸீலா குடிக்கவில்லை. வெளியேறும்போதே தோட்டத்துப் படம் ஒன்றைக் கவினிடம் அச்செடுத்து வாங்கி வந்திருந்தார் வெள்ளையம்மா. அதை மேசையில் விரித்தார். மேலிருந்து பார்க்கையில் ஒவ்வொரு செம்பனையும் ஒரு பச்சை நட்சத்திரம். நோய் பிடித்தவை மட்டும் மஞ்சளடித்துச் சுருங்கிக் கிடந்தன.

“எங்க அண்ணனே கேக்குறாரு, உண்மையிலேயே வாங்கினியான்னு,” என்றாள் பஸீலா. “கூடப் பிறந்தவரு அப்படிக் கேட்டா எப்படி இருக்கும்? நான் ஏங்க்கா ஒத்துக்கணும்? செய்யாததுக்கு ஏன் நான் தலை குனியணும்?”

“குனியாதீங்க. யார் சொன்னா?” வெள்ளையம்மா படத்தை அவள் பக்கம் தள்ளினார். “இதுல நோய் பிடிச்ச மரங்களை எனக்குக் காட்டுங்க. தீபன், நீயும் தேடு. யார் கண்ணு கூர்மைன்னு பாப்போம்.”

“போட்டின்னா நான் ரெடி,” என்று தீபன் மேல் வரிசையில் விரலை வைத்து நகர்த்தினான். பஸீலாவும் அதே வரிசையில் விரலை வைத்தாள். இரண்டு விரல்களும் வரிசையின் நடுவில் முட்டிக்கொண்டன.

“அலமாக்! அக்கா, ஒன்வேயில எதிர்ப்பக்கமா வர்றீங்க!”

“நீங்கதான் எதிர்ப்பக்கம் வர்றீங்க, தம்பி,” என்றாள் பஸீலா, இன்று முதல் தடவையாகச் சிரித்து.

அடுத்த வரிசையிலும் அவள் விரல் வலது கோடியில்தான் போய் நின்றது. அங்கிருந்து இடப்பக்கமாக நடந்தது. எந்த மரத்தையும் தவறவிடவில்லை. வெள்ளையம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பவும் வலப்பக்கம் இருந்துதான் தொடங்குவீங்களா?”

பஸீலா தன் விரலை அப்போதுதான் கவனித்தாள். “அப்படியாக்கா? தெரியலையே. சின்ன வயசுல இருந்து மத்தியானம் ஆனா சமயப் பள்ளிக்கூடம். அங்க எல்லாமே ஜாவி எழுத்துல, அரபு மாதிரி. வலமிருந்து இடம். வீட்டுல ஓதினதும் அப்படித்தான். இப்பவும் எங்க தாமான்ல இருக்கிற அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் நான்தான் ஓதக் கொடுக்கிறேன். கை தன்னால அங்க போயிடும் போல.”

“மவுஸ் பிடிச்சாலுமா?”

“ஆமா. மரத்தோட வலது மேல் மூலையில வச்சு இடப்பக்கமா கீழ இழுப்பேன்.”

“படத்தோட வலது ஓரத்துல ஒட்டின மரத்துக்கு?”

“அங்க எப்படிக்கா? வலப்பக்கம் இடமே இல்ல. படத்தை மேல கீழ தள்ளுற பட்டை நிக்கும். அதுல அம்பு பட்டா படமே ஓடிடும். அதனால அந்த மரத்துக்கு மட்டும் இடப்பக்கம் இருந்து இழுப்பேன்.”

வெள்ளையம்மா எழுந்துவிட்டார்.

“தீபன், கிளம்பு.”

“மேடம், தே தாரிக் பாதிதான் குடிச்சிருக்கேன்!”

“மீதியை உன் வயித்துல சேமிச்சுக்கோ. ரிப்போர்ட்டுல வருதான்னு அப்புறம் பாக்கலாம்.”

மேலே மகேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் பஸீலாவிடம் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“பஸீலா மவுஸைத் தொட வேண்டாம், சார்,” என்றார் வெள்ளையம்மா. “உங்க ஆளே தொடட்டும். கவின் தம்பி, இந்த மரத்துக்கு ஒரு கட்டம்.”

கவின் இழுத்தான். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு. சேமித்தான். ரிப்போர்ட்டில் கட்டம் நின்றது.

“அழிச்சிடுங்க. இப்ப அதே மரம், அதே அளவு. ஆனா வலப்பக்கம் இருந்து தொடங்கி இடப்பக்கம் இழுங்க.”

கவினின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இழுத்தான். திரையில் கட்டம் பளிச்சென்று சிவப்பாக விழுந்தது. பஸீலா பார்த்ததாகச் சத்தியம் செய்த அதே சிவப்பு. கவின் சேமிக்கும் பட்டனைத் தட்டினான். ரிப்போர்ட் திறந்தது.

மரம் இருந்தது. கட்டம் இல்லை.

பஸீலா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல நாட்களாகத் தன் கண்ணையே சந்தேகித்துக்கொண்டிருந்தவள் அவள். இரவில் படுத்தால், உண்மையிலேயே போட்டேனா, போடாமல் தூங்கிவிட்டேனா என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டவள்.

“போட்டேன்,” என்றாள் மெதுவாக. பிறகு உரக்க, “நான் போட்டேன்!”

“திரையில தெரியுது. ரிப்போர்ட்டுல வரலையே, அது எப்படி?” என்றான் தீபன்.

கவின் தலைநிமிராமல் சொன்னான். “திரையில வரையிறதுக்கு எந்த மூலையில இருந்து வந்தாலும் ஒன்னுதான், அண்ணே. சேமிக்கிற இடத்துலதான் பிரச்சனை. கட்டத்தோட அகலம் தெரியணும்னா, கை விட்ட இடத்துல இருந்து கை வச்ச இடத்தைக் கழிப்பேன். இடமிருந்து இழுத்தா எண்பதுன்னு வரும். வலமிருந்து இழுத்தா மைனஸ் எண்பது.”

“வந்தா?”

“பத்துக்குக் கீழ இருந்தா அது கை தவறிப் பட்ட கிளிக், தூக்கிப் போட்டுடுன்னு ஒரு வரி எழுதியிருக்கேன். மைனஸ் எண்பது பத்துக்குக் கீழதானே.”

“அடப்பாவி! அவ்ளோ பெரிய மரத்தைக் குப்பைன்னு கூட்டிப் பெருக்கிட்டியே!”

“அந்த வரியை எப்ப சேத்தீங்க?” என்றார் வெள்ளையம்மா.

“பெருநாள் லீவுக்குக் கொஞ்சம் முன்னாடி. அதுக்கு முன்னாடி மைனஸா இருந்தாலும் சேமிச்சிடும், ரிப்போர்ட்டும் சரியா காட்டிடும். ஒரு மீட்டிங்குல பாஸ் கை தவறித் திரையில தட்டிட்டாரு. தோட்டத்து லோரிக்கு அழுகல் நோய்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. உடனே சரிபண்ணுன்னு சொன்னாரு.”

“சரிபண்ணினதைச் சோதிச்சது யாரு?”

“நான்தான்.”

“எந்தப் பக்கம் இருந்து இழுத்துச் சோதிச்சீங்க?”

கவின் மவுஸை இடமிருந்து வலமாக ஒரு தடவை நகர்த்திக் காட்டினான்.

மகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் இப்போது வேறொரு புன்னகை வந்திருந்தது. “ஓகே. சின்ன டெக்னிக்கல் விஷயம். நல்ல வேளை, கண்டுபிடிச்சீங்க. பஸீலா, நீங்க நாளைக்கே வேலைக்கு வாங்க. இனிமே மட்டும் இடப்பக்கம் இருந்து இழுங்க, சரியா? ராஜசேகரன்கிட்ட நான் நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிக்கிறேன்.”

“ஒரு நிமிஷம்,” என்றார் வெள்ளையம்மா. “கவின் தம்பி, கொஞ்சம் முன்னாடி அந்த வலது ஓரத்துக் கட்டங்களைக் காட்டினப்ப ஏதோ சொல்ல வந்தீங்க. இவரைப் பாத்துட்டு நிறுத்திட்டீங்க. என்னது அது?”

“கவின், நீ உள்ள போ,” என்றார் மகேஸ்வரன்.

கவின் போகவில்லை. எழுந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. “போன வாரமே அந்த ஓரத்துக் கட்டங்களைப் பாத்து எனக்கு டவுட் வந்துச்சு, மேடம். புரோகிராம்தான் எதையோ தூக்கிப் போடுது, ஒரு நாள் கொடுங்க, பாத்துடுறேன்னு பாஸ்கிட்ட சொன்னேன். அதைத் திறக்காத, நம்ம தப்புன்னு ஆனா தோட்டக்காரன் ஓடிடுவான்னாரு. மறுநாள் இந்தத் தாளை டைப் அடிக்கச் சொன்னாரு.”

பஸீலா முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய மூத்த மகள் பிறந்த நேரத்தில் மருத்துவமனைக்குப் பழக்கூடை அனுப்பிய மனிதர். பெருநாளுக்கு வீட்டுக்கு வந்து ரெண்டாங் கறி சாப்பிட்டுப் போனவர்.

“தெரிஞ்சேவா, பாஸ்?”

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. வெயிலில் கறுத்த, சேறு காயாத பூட்ஸ் போட்ட ஒரு மனிதர் உள்ளே வந்தார்.

“இவங்கதானா?” என்று பஸீலாவைப் பார்த்துக் கேட்டார் ராஜசேகரன். “அழுகிப்போன பிளாக்கைப் பாத்துட்டு நேரா வர்றேன். உங்களால என் ஆளுங்க படுற பாடு தெரியுமாம்மா உங்களுக்கு?”

மகேஸ்வரன் முந்திக்கொண்டார். “வாங்க, வாங்க! பசியாறிட்டீங்களா? ஒரு சின்ன நெட்வொர்க்...”

“நெட்வொர்க் இல்ல, சார்.” பஸீலா எழுந்தாள். “நான்தான் பஸீலா. உங்க மரத்துக்கெல்லாம் நான் கட்டம் போட்டேன். இந்தப் புரோகிராம் அதைத் தின்னுடுச்சு. அது இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னைத் திருடின்னு உங்ககிட்ட சொன்னாரு. உக்காருங்க, காட்டுறேன்.”

“பஸீலா!” என்றார் மகேஸ்வரன். பிறகு குரலைத் தாழ்த்தி, “யோசிச்சுப் பேசுங்க. வேலை இருக்காது.”

“வேலை போனா போகட்டும். நான் போட்ட கட்டம் எனக்கு வேணும்.”

ராஜசேகரன் ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கவின் அதே மரத்துக்கு வலமிருந்து ஒரு கட்டத்தை இழுத்து, அது காணாமல் போவதை அவருக்குக் காட்டினான். அவர் நெற்றி சுருங்கியது. கவின் அத்தோடு நிற்கவில்லை. புரோகிராமைத் திறந்தான்.

“கவின், கை வைக்காத! நான் சொல்றேன்ல!”

“ரெண்டு வரிதான், பாஸ்,” என்றான் கவின் தட்டச்சு செய்துகொண்டே. “எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் சின்ன எண்ணு இடம், பெரிய எண்ணு வலம்னு முதல்ல அடுக்கிட்டா போதும். போன வாரமே முடிஞ்சிருக்கும்.”

முடித்துவிட்டு அவன் நாற்காலியை விட்டு எழுந்து பஸீலாவுக்குக் கொடுத்தான். அவள் உட்கார்ந்தாள். யோங் பெங் தோட்டத்துப் படம் திரையில் விரிந்தது, மஞ்சளடித்த மரங்களோடு.

“இடப்பக்கம் இருந்தே போடுங்களேன், பஸீலா,” என்றார் மகேஸ்வரன் ஈனக்குரலில். “எதுக்கு வம்பு?”

“மாட்டேன்,” என்றாள் பஸீலா.

மவுஸைப் பிடித்தாள். அம்பு அசையவில்லை. பீட்சா விளம்பரம் எப்போதோ கீழே விழுந்து ராஜசேகரனின் சேற்றுப் பூட்ஸுக்கு அடியில் போயிருந்தது. தீபன் சுற்றுமுற்றும் ஒரு காகிதத்துக்காகத் தேடினான்.

பஸீலா தேடவில்லை. அவளுக்காக டைப் அடித்து வைத்திருந்த ஒப்புதல் தாளை எடுத்தாள். எழுத்து கீழே போகும்படி கவிழ்த்து, கண்ணாடி மேல் வைத்து நீவி, அதன்மேல் மவுஸை வைத்தாள். அம்பு துள்ளி ஓடியது. முதல் மரத்தின் வலது மேல் மூலையில் போய் நின்றது.

“எண்ணிக்கோங்க, சார்,” என்று ராஜசேகரனிடம் சொல்லிவிட்டு, இடப்பக்கமாக இழுத்தாள்.